ஒரே கணினியில் இன்னொரு இயங்குதளம்: முதல் விர்ச்சுவல் மெஷின் அமைப்பவருக்கு

விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ் பழக வேண்டும் என்று நான் தொடங்கியபோது அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். நான்கு மாலைகள் போயின. அதில் லினக்ஸ் நிறுவ ஆனது மொத்தமே இருபது நிமிடம். மீதி நேரமெல்லாம் சின்னச் சின்ன விஷயங்களில் கரைந்தது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும், கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) அணைந்து கிடந்த ஒரு அமைப்பு, எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரு மீட்புச் சாவி, கண்ணில் படாமல் போன ஒரு டிக். யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எல்லாம் ஒரே மாலையில் முடிந்திருக்கும். அதனால் நீங்கள் தொடங்குவதற்கு முன்னால் இதை ஒருமுறை கடைசிவரை படித்துவிடுங்கள்.

மூன்று சொற்களை மட்டும் நினைவில் வையுங்கள். உங்கள் உண்மையான கணினியும் அதில் இருக்கும் இயங்குதளமும் ஹோஸ்ட். அதற்குள் ஒரு சாளரத்தில் ஓடப்போகும் இயங்குதளம் கெஸ்ட். கெஸ்ட் ஓடுகிற அந்தப் பாவனைக் கணினியைத்தான் விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம் என்கிறோம். கீழே வரும் படிகள் விண்டோஸ் ஹோஸ்டில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதில் உபுண்டு லினக்ஸ் நிறுவுவதை வைத்து எழுதியவை. மற்றவர்களுக்கு எங்கே மாறுகிறதோ அங்கங்கே சொல்கிறேன்.

1. உங்கள் கணினி தாங்குமா?

விஎம் ஓடும்போது ஒரே கணினியின் ரேமை இரண்டு இயங்குதளங்கள் பங்கு போடுகின்றன. 16 ஜிபி இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். 8 ஜிபி இருந்தால் முடியும், ஆனால் விஎம் ஓடும் நேரத்தில் பிரவுசரில் இருபது டேப் திறந்து வைக்க முடியாது. 4 ஜிபி மட்டும் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். ஹோஸ்டும் தவிக்கும், கெஸ்டும் தவிக்கும், பழகும் ஆசையே போய்விடும். இந்த முழு வேலையில் பணம் செலவழிக்கத் தகுந்த இடம் ஒன்று உண்டென்றால் அது ரேம்தான்.

அடுத்தது இடம். உபுண்டு டெஸ்க்டாப்புக்குக் குறைந்தது 25 ஜிபி, விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி. இதற்கு மேல் நிறுவல் கோப்புக்கு ஒரு 6 ஜிபி, ஸ்னாப்ஷாட்டுகளுக்கு, அதாவது விஎம்மின் அந்தந்த நேரத்து நிலையைச் சேமித்து வைப்பவற்றுக்கு, கொஞ்சம். ஆக, 60 ஜிபி காலி இடம் இருந்தால் உபுண்டு விஎம்முக்குத் தாராளம். அந்த இடம் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் வைத்தால் நிறுவல் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

எம்1, எம்2 வகைச் சிப் உள்ள மேக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சிப்புகள் ஆர்ம் வகை. அதனால் கெஸ்டும் ஆர்ம் பதிப்பாகவே இருக்க வேண்டும். வழக்கமான இன்டெல் வகை நிறுவல் கோப்பை இறக்கிவிட்டு, ஏன் துவங்கவில்லை என்று நேரத்தை வீணாக்குபவர்கள் நிறைய. இறக்கும் பக்கத்திலேயே ஆர்ம்64 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

2. எந்த மென்பொருள், எவ்வளவு செலவு?

விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், திறந்த மூல மென்பொருள். ஆரக்கிள் நிறுவனம் வெளியிடுகிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முதல்முறை செய்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். சிக்கல் வந்தால் தேடியவுடன் பதில் கிடைக்கும் என்பதே முக்கியக் காரணம்.

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ முன்பு விலை கொடுத்து வாங்க வேண்டியது. 2024 மே மாதம் சொந்தப் பயன்பாட்டுக்கும், அதே ஆண்டு நவம்பரில் எல்லோருக்கும் இலவசமானது. திரை வேகம் இதில் நன்றாக இருக்கிறது. ஆனால் இறக்குவதற்கு, விஎம்வேரை இப்போது வைத்திருக்கும் பிராட்காம் நிறுவனத்தின் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும்.

ஹைப்பர்-வி விண்டோஸின் ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளிலேயே சேர்ந்து வருகிறது. ஹோம் பதிப்பில் இல்லை. ஹோஸ்ட் லினக்ஸ் என்றால் கேவிஎம், அதைக் கையாள விர்ட்-மேனேஜர் அல்லது க்னோம் பாக்ஸஸ். மேக்கில் யூடிஎம் இலவசமாகக் கிடைக்கும். பேரலல்ஸ் கட்டணச் சந்தா, பயன்படுத்த மிக எளிது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் பக்கத்திலேயே எக்ஸ்டென்ஷன் பேக் என்று இன்னொன்றும் இருக்கும். பழைய வழிகாட்டிகள் எல்லாம் அதையும் போடச் சொல்லும், யூஎஸ்பி 2-ம் 3-ம் வேலை செய்ய அது தேவைப்பட்டது என்பதால். 7.0 பதிப்பிலிருந்து அந்த வசதி அடிப்படை மென்பொருளுக்குள்ளேயே வந்துவிட்டது. எக்ஸ்டென்ஷன் பேக்கின் உரிமம் வேறு. சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மட்டும்தான் இலவசம். அலுவலகக் கணினியில் போட்டால் கட்டண உரிமம் வேண்டும். தேவையில்லை என்றால் தொடாதீர்கள்.

கெஸ்ட் இயங்குதளத்தின் செலவும் கணக்கில் வர வேண்டும். லினக்ஸ் என்றால் ஒன்றுமில்லை. விண்டோஸை கெஸ்டாக வைத்தால் அதற்குத் தனி உரிமம் வேண்டும். ஹோஸ்டில் இருக்கும் சாவியை உள்ளேயும் போடலாம் என்று நினைக்காதீர்கள். பழகிப் பார்க்க மட்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் தரும் விண்டோஸ் 11 எண்டர்பிரைஸ் சோதனைப் பதிப்பு 90 நாள் இலவசம். மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் தயாரித்த கணினியில் மட்டுமே விஎம்மாக ஓட்ட அதன் உரிமம் அனுமதிக்கிறது.

3. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

என்னை அதிகம் அலைய வைத்தது இந்தப் பகுதிதான். நிறுவலைத் தொடங்கும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கணினியில் சேமித்தால் போதாது, ஏனென்றால் தேவைப்படும் நேரத்தில் அந்தக் கணினி திறக்காமல் போகலாம்.

முதலாவது, விண்டோஸின் டிஸ்க் குறியாக்கமான பிட்லாக்கரின் மீட்புச் சாவி. பல மடிக்கணினிகளில் நாம் எதுவும் செய்யாமலேயே டிஸ்க் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் கை வைத்த பிறகு சில கணினிகள் நீலத் திரை காட்டி 48 இலக்கச் சாவியைக் கேட்கும். நான் முதல்முறை பயாஸ் மாற்றிவிட்டுக் கணினியைத் திறந்தபோது இப்படித்தான் நின்றது. அந்தச் சாவி எந்த மின்னஞ்சல் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. இரண்டு பழைய கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்டு, கைபேசியில் திறந்து, ஆறாறு இலக்கமாக எட்டு தொகுதிகளை ஒவ்வொன்றாகத் தட்டி முடிப்பதற்குள் ஒரு மாலை போய்விட்டது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, உங்கள் சாதனத்தின் பெயருக்கு எதிரே அந்தச் சாவி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தாளில் எழுதுங்கள். எழுதியதை மறுபடி ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, ஹோஸ்டின் அட்மின் கடவுச்சொல். அது இல்லாமல் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவ முடியாது.

மூன்றாவது, விண்டோஸ் கெஸ்ட் வைப்பதானால் அதன் உரிமச் சாவி, அல்லது சோதனைப் பதிப்பைப் போட்ட தேதி. 90 நாள் எப்போது முடிகிறது என்று அப்புறம் நினைவிருக்காது.

அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணினி என்றால், கணினிப் பிரிவிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். ஒரு மின்னஞ்சல் போதும். அந்தக் கணினிகளில் பயாஸுக்கே கடவுச்சொல் போட்டிருப்பார்கள், அதனால் அனுமதி இல்லாமல் அடுத்த படிக்கே போக முடியாது.

4. பயாஸில் விர்ச்சுவலைசேஷனை இயக்குவது

விஎம் ஓடுவதற்கு சிப்பிலேயே இருக்கும் வசதிதான் விர்ச்சுவலைசேஷன். முதலில் அது ஏற்கெனவே இயங்குகிறதா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைச் சொடுக்குங்கள். வரைபடத்துக்குக் கீழே விர்ச்சுவலைசேஷன் என்ற வரியில் எனேபிள்ட் என்று இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். டிஸேபிள்ட் என்றால் பயாஸுக்குள் போக வேண்டும்.

கணினி துவங்கும்போது எஃப்2, எஃப்10, டெலிட் போன்ற ஏதோ ஒரு விசையை அழுத்தி உள்ளே போவார்கள். இப்போதைய மடிக்கணினிகள் துவங்கும் வேகத்தில் அந்த நொடியைப் பிடிப்பது கஷ்டம். அதைவிட நல்ல வழி இருக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரெக்கவரி, அதில் அட்வான்ஸ்ட் ஸ்டார்ட்அப். கணினி மீண்டும் துவங்கியதும் வரும் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் நேராக பயாஸில் நிற்பீர்கள்.

உள்ளே எந்த இடத்தில் இருக்கும் என்பது கணினிக்குக் கணினி மாறும். இன்டெல் சிப் என்றால் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி அல்லது விடி-எக்ஸ் என்று தேடுங்கள். ஏஎம்டி சிப் என்றால் எஸ்விஎம் மோட். அட்வான்ஸ்ட் அல்லது சிபியு கான்ஃபிகரேஷன் என்ற பகுதிக்குள் பெரும்பாலும் இருக்கும். விடி-டி என்றும் ஒன்று பக்கத்திலேயே இருக்கும். அது வேறு, நமக்குத் தேவையில்லை. ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றி, சேமித்து, வெளியே வாருங்கள். இங்கே ஆர்வத்தில் மற்றவற்றைத் தொட வேண்டாம். வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மறுபடி பாருங்கள்.

5. இறக்குவதும் சரிபார்ப்பதும்

விர்ச்சுவல்பாக்ஸையும் உபுண்டுவையும் அதனதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடியவுடன் முதலில் வரும் விளம்பர இணைப்புகள் எல்லாம் அவர்களுடையவை அல்ல. உபுண்டுவில் எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவு என்று குறித்திருக்கும் பதிப்பை எடுங்கள். 24.04 அப்படியொரு பதிப்பு, ஐந்து ஆண்டுகளுக்கு இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. நிறுவல் கோப்பு, அதாவது ஐஎஸ்ஓ, சுமார் 6 ஜிபி. நொடிக்கு 50 மெகாபிட் இணைப்பில் பதினாறு நிமிடம் ஆகும். 10 மெகாபிட் என்றால் எண்பது நிமிடம். இதை முதல் நாள் இரவே இறக்கி வைத்துவிடுவது நல்லது.

இறக்கிய கோப்பு முழுமையாக வந்ததா என்று பார்க்காமல் விடுவது பலரும் செய்யும் தவறு. இணைப்பு நடுவில் அறுந்து குறையாக வந்த ஐஎஸ்ஓ, நிறுவல் பாதி தூரம் போன பிறகுதான் பிழை காட்டும். நீங்கள் விஎம் அமைப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். இறக்கும் பக்கத்தில் ஷா256 என்று 64 எழுத்து கொண்ட ஒரு தொடர் கொடுத்திருப்பார்கள். விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையைக் கோப்பின் பெயரோடு கொடுத்தால் அதே போன்ற தொடர் வரும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவும்போது நெட்வொர்க் சில நொடிகள் துண்டிக்கப்படும் என்று எச்சரிக்கை வரும். உண்மையாகவே துண்டிக்கும், அதனால் வேறு ஏதாவது இறங்கிக்கொண்டிருந்தால் முடியட்டும். விஷுவல் சி++ இல்லை என்று சொல்லி நின்றுவிட்டால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அந்த ரீடிஸ்ட்ரிப்யூட்டபிள் தொகுப்பை இலவசமாக இறக்கிப் போட்டுவிட்டுத் தொடருங்கள். ஹோஸ்ட் லினக்ஸாக இருந்து, செக்யூர் பூட்டும் (கையொப்பமில்லாத நிரல்களைத் துவக்கத்தில் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கினால், நிறுவும்போது ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கலாம். மறுதுவக்கத்தில் வரும் நீலத் திரையில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரையைத் தவறவிட்டால் எந்த விஎம்மும் துவங்காது.

6. விஎம் உருவாக்குவது

நியூ பொத்தானை அழுத்தியதும் பெயர், சேமிக்கும் இடம், ஐஎஸ்ஓ மூன்றும் கேட்கும். பெயரில் பதிப்பு எண்ணையும் சேர்த்து வையுங்கள். சேமிக்கும் இடத்தில் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

ஒன்று, ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பு ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள் விஎம்மை வைக்கவே கூடாது. விஎம் ஓடும்போது அந்த டிஸ்க் கோப்பு நொடிக்கு நொடி மாறும். பத்துப் பதினைந்து ஜிபி கோப்பைத் திரும்பத் திரும்ப மேலேற்ற முயன்றால் இணைப்பும் போகும், கோப்பும் கெடலாம். விஎம்வேர் பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது இயல்பாக டாக்குமென்ட்ஸுக்குள் வைக்கிறது, பல விண்டோஸ் கணினிகளில் டாக்குமென்ட்ஸ் ஒன்டிரைவோடு சேர்ந்திருக்கும்.

இன்னொன்று, வெளி டிரைவ். அது ஃபேட்32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு அதில் நிற்காது. நிறுவல் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, சரியாக அந்த அளவில் நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பது அழியும் என்பதால் முதலில் நகல் எடுங்கள்.

அடுத்து, ஐஎஸ்ஓவைக் கொடுத்தவுடன் அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன் என்ற ஒன்று தலைகாட்டும். நாம் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தானே நிறுவிக்கொள்ளும் வசதி அது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படி உருவாகும் பயனர் கணக்கு விபாக்ஸ்யூசர், கடவுச்சொல் சேஞ்ச்மீ. உபுண்டுவில் அந்தக் கணக்குக்கு அட்மின் உரிமையும் இருக்காது, மென்பொருள் நிறுவப் போனால் அனுமதி இல்லை என்று சொல்லும். நான் கவனிக்காமல் விட்ட டிக் இதுதான். பதிப்பைப் பொறுத்து, இதைத் தவிர்க்க ஒரு டிக் போட வேண்டியிருக்கும், அல்லது இருக்கும் டிக்கை எடுக்க வேண்டியிருக்கும். வாசகத்தை நிதானமாகப் படித்து, தானியங்கி நிறுவல் அணைந்திருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்.

ரேம்: ஹோஸ்டில் 16 ஜிபி இருந்தால் கெஸ்டுக்கு 6 கொடுக்கலாம். 8 இருந்தால் 4, அதற்கு மேல் வேண்டாம். பாதிக்கு மேல் கொடுத்தால் கெஸ்ட் வேகமாகும் என்று நினைப்போம், நடப்பது நேர்மாறு. ஹோஸ்ட் மூச்சுத் திணறி டிஸ்கை நோண்ட ஆரம்பிக்கும், இரண்டும் நின்று நின்று ஓடும். பிராசசர் இரண்டு போதும்.

டிஸ்க் அளவு 50 ஜிபி என்று கொடுங்கள். உடனே 50 ஜிபியும் போய்விடாது. இயல்பான அமைப்பில் அந்தக் கோப்பு சிறியதாகத் தொடங்கி, உள்ளே எழுத எழுத வளரும். ஆனால் உள்ளே அழித்தால் வெளியே தானாகச் சுருங்காது. பின்னால் அளவைக் கூட்டலாம்தான், அதற்கு விர்ச்சுவல்பாக்ஸில் ஒருமுறையும் கெஸ்டுக்குள் பார்ட்டிஷனை ஒருமுறையும் மாற்ற வேண்டும். முதலிலேயே தாராளமாகக் கொடுத்துவிட்டால் அந்த வேலை மிச்சம்.

விண்டோஸ் 11 கெஸ்ட் என்றால் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்), செக்யூர் பூட் இரண்டையும் அது எதிர்பார்க்கும். விர்ச்சுவல்பாக்ஸ் 7-லிருந்து இரண்டும் உண்டு. டிஸ்க் 64 ஜிபிக்குக் குறையாமல் கொடுங்கள்.

7. இயங்குதளத்தை நிறுவுவது

ஸ்டார்ட் கொடுத்ததும் கெஸ்ட் சாளரம் திறக்கும். மவுஸ் உள்ளே சிக்கிக்கொண்டு வெளியே வராவிட்டால் வலது பக்க கன்ட்ரோல் விசையைத் தட்டுங்கள். விஎம்வேரில் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து.

மொழி, கீபோர்டு என்று கேள்விகள் வந்து, ஒரு கட்டத்தில் டிஸ்கை முழுக்க அழித்து உபுண்டுவை நிறுவவா என்று கேட்கும். முதல்முறை செய்யும் எல்லோருக்கும் இங்கே கை நிற்கும். எனக்கும் நின்றது. வீட்டுப் புகைப்படங்கள் எல்லாம் அந்தக் கணினியில்தான் இருந்தன. அழிக்கச் சொல்வது உங்கள் உண்மையான டிஸ்கை அல்ல, நீங்கள் சற்று முன் உருவாக்கிய அந்த 50 ஜிபி கோப்பை மட்டும்தான். கெஸ்டுக்கு அதைத் தவிர வேறு டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. உறுதி செய்ய ஒரு வழி: டிஸ்க் பெயர் காட்டும் இடத்தில் விபாக்ஸ் ஹார்ட்டிஸ்க் என்றும், அளவு நீங்கள் கொடுத்த அளவுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். உங்கள் உண்மையான டிஸ்கின் தயாரிப்பாளர் பெயரோ அளவோ அங்கே தெரிந்தால் நிறுத்துங்கள், நீங்கள் விஎம்முக்குள் இல்லை.

எஸ்எஸ்டியில் பதினைந்திலிருந்து முப்பது நிமிடத்தில் முடியும். முடிந்ததும் நிறுவல் டிஸ்கை எடுத்துவிட்டு என்டர் அழுத்தச் சொல்லும். பெரும்பாலும் தானே எடுத்துவிடும், என்டர் மட்டும் தட்டினால் போதும். மறுபடி நிறுவல் திரையே வந்தால் பயப்பட வேண்டாம். டிவைசஸ் மெனுவில் ஆப்டிகல் டிரைவ்ஸுக்குப் போய் டிஸ்கை நீக்கி, மீண்டும் துவக்குங்கள். மறுபடி நிறுவ உட்கார்ந்துவிடாதீர்கள்.

8. கெஸ்ட் அடிஷன்ஸ், பகிரும் ஃபோல்டர்

இப்போது உபுண்டு ஒரு சின்னச் சாளரத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். இங்கே நகலெடுத்ததை அங்கே ஒட்ட முடியாது. இது கோளாறு இல்லை, கெஸ்டுக்குள் போட வேண்டிய விர்ச்சுவல்பாக்ஸின் துணை நிரல்களான கெஸ்ட் அடிஷன்ஸ் இன்னும் போடவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு முன் உபுண்டுவை முழுக்கப் புதுப்பித்து ஒருமுறை மறுதுவக்கம் செய்யுங்கள். அப்புறம் டெர்மினலில் பில்ட்-எசென்ஷியல், டிகேஎம்எஸ், ஓடும் கெர்னலுக்கான லினக்ஸ் ஹெடர்ஸ் ஆகியவற்றை நிறுவுங்கள். இந்த வரிசை முக்கியம். இவை இல்லாமல் அடிஷன்ஸ் போட்டால், முடிந்தது போலவே காட்டிவிட்டு உள்ளே பாதி வேலை செய்யாது. பிறகு டிவைசஸ் மெனுவில் இருக்கும் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜைச் செருகி, அதில் இருப்பதை ஓட்டி, மறுதுவக்கம். திரை சாளரத்தோடு சேர்ந்து விரியும். நகல் ஒட்டலுக்கு டிவைசஸ் மெனுவில் ஷேர்ட் கிளிப்போர்டை இருபக்கமும் என்று மாற்றுங்கள். 24.04-ல் அது முரண்டு பிடித்தால், லாகின் திரையின் மூலையில் இருக்கும் பற்சக்கரத்தைத் தட்டி உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க் என்பதைத் தேர்ந்து நுழைந்து பாருங்கள்.

பகிரும் ஃபோல்டரைச் சேர்த்துவிட்டு கெஸ்டில் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும். எல்லோரும் மாட்டும் இடம் இது. உங்கள் பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் என்ற குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு கெஸ்டை மறுதுவக்கம் செய்யாவிட்டால் அந்த அனுமதி அமலுக்கு வராது. நான் சரியாகச் சேர்த்துவிட்டு, மறுதுவக்கம் செய்யாமல் வேறு பத்து இடங்களில் தவறைத் தேடியிருக்கிறேன்.

எதைப் பகிர்கிறீர்கள் என்பதில் கண்டிப்பாக இருங்கள். சி டிரைவ் முழுவதையும் பகிர வேண்டாம். புதிதாக ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி அதை மட்டும் பகிருங்கள். கெஸ்டுக்குள் ஏதாவது தீய நிரல் நுழைந்தால், பகிர்ந்த ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் அது தொட முடியும். சந்தேகமான கோப்புகளைத் திறந்து பார்க்கத்தான் விஎம் என்றால் பகிரும் ஃபோல்டரும் கிளிப்போர்டும் வேண்டவே வேண்டாம்.

9. நெட்வொர்க்

மாற்றாதீர்கள். இயல்பாக இருக்கும் நேட் முறையில், அதாவது ஹோஸ்டின் இணைப்பு வழியாக, இணையம் உடனே வேலை செய்யும். கெஸ்டின் முகவரி 10.0.2.15 என்று காட்டும், அது சரியானதுதான். கெஸ்டில் ஓடும் ஒரு சர்வரை வீட்டிலுள்ள வேறு கணினிகள் அணுக வேண்டும் என்றால் மட்டும் பிரிட்ஜ்டு, அதாவது கெஸ்டும் தனிக் கணினி போல வீட்டு நெட்வொர்க்கில் சேரும் முறை. சில வைஃபை இணைப்புகளில் அது வேலை செய்யாது. அலுவலக, கல்லூரி நெட்வொர்க்கில் அனுமதியில்லாமல் செய்யக் கூடாது.

10. ஸ்னாப்ஷாட் வேறு, பேக்கப் வேறு

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய அந்த நிமிடத்தில் கெஸ்டை அணைத்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். இனி உள்ளே எதைக் கெடுத்தாலும் ஒரு நிமிடத்தில் இந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். விஎம்மில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. இதற்குப் பிறகுதான் பயமில்லாமல் பழக முடிந்தது.

ஆனால் ஸ்னாப்ஷாட் எடுத்ததும் பழைய டிஸ்க் கோப்பு அப்படியே உறைந்துவிடும். அதன் பிறகு வரும் மாற்றங்கள் ஸ்னாப்ஷாட்ஸ் என்ற ஃபோல்டரில் வேறொரு கோப்பில் எழுதப்படும். இரண்டும் சேர்ந்தால்தான் உங்கள் விஎம். இதை அறியாமல் நான் ஒருமுறை இடம் போதாமல் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். அடைப்புக்குறிக்குள் நீளமான எண்ணும் எழுத்துமாகப் பெயர் கொண்ட ஒரு பெரிய கோப்பு இருந்தது. ஏதோ தற்காலிகக் கோப்பு என்று நினைத்து அழித்தேன். விஎம் அதன் பிறகு திறக்கவில்லை. இரண்டு வாரம் எழுதிய பயிற்சிக் குறிப்புகள் அதோடு போயின. அந்த ஃபோல்டரில் கை வைக்கவே கூடாது. ஸ்னாப்ஷாட் வேண்டாம் என்றால் விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளிருந்தே நீக்குங்கள். அது இரண்டு கோப்புகளையும் இணைத்துவிட்டுத்தான் நீக்கும். அதற்கு நேரமும் கொஞ்சம் காலி இடமும் வேண்டும், அதனால் டிஸ்க் நிரம்பி வழியும்வரை காத்திருக்காதீர்கள். இரண்டு மூன்று ஸ்னாப்ஷாட்டுக்கு மேல் சேர்க்காமல் இருப்பது நல்லது.

பேக்கப் என்றால், கெஸ்டை முழுதாக அணைத்துவிட்டு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ் கொடுத்து, வரும் ஓவிஏ கோப்பை வேறொரு டிரைவில் வைப்பது. மாதம் ஒருமுறை செய்தாலே போதும். முக்கியமான கோப்புகளைப் பகிரும் ஃபோல்டரில் அன்றன்றே வைத்துவிடுங்கள்.

தினமும் மூடும்போது மூன்று வழி கேட்கும். சேவ் ஸ்டேட் என்றால் இருந்த இடத்திலேயே உறையும், அவசரமாக மடிக்கணினியை மூட வேண்டியிருந்தால் இதைக் கொடுங்கள். ஷட்டவுன் சிக்னல் முறையாக அணைப்பது. பவர் ஆஃப் என்பது மின்கம்பியைப் பிடுங்குவதற்குச் சமம், கெஸ்ட் உறைந்து போனால் ஒழிய வேண்டாம்.

11. ஆமை வேகத்தில் ஓடுகிறதா?

சாளரத்தின் கீழ்ப்பட்டையைப் பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் அங்கே ஒரு பச்சை ஆமைப் படம் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. விண்டோஸின் ஹைப்பர்-வி ஏற்கெனவே சிப்பின் வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போகிறது. டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி), விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் (நிரல்களைத் தனியே ஓட்டிப் பார்க்கும் இடம்), டிவைஸ் செக்யூரிட்டியில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி ஆகியவை இதை இயக்கும். முதல் இரண்டையும் நீங்கள் பயன்படுத்தவில்லை என்றால் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் அணைத்துவிடலாம். மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு வசதி. அதை அணைத்தால் வேகம் வரும் என்று பலரும் சொல்வார்கள், நான் அணைக்கச் சொல்ல மாட்டேன். வங்கி வேலையெல்லாம் செய்யும் கணினியில் அந்தப் பாதுகாப்பு இருக்கட்டும். விண்டோஸ் ப்ரோ வைத்திருந்தால் ஹைப்பர்-வியிலேயே விஎம் அமைத்துவிடுங்கள், சண்டையே இல்லை.

ஆமை இல்லாமலும் மெதுவாக இருந்தால் ரேம் பங்கையும், விஎம் எஸ்எஸ்டியில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முப்பரிமாண விளையாட்டுகளுக்கும் கனமான வீடியோ வேலைக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் ஏற்றதல்ல. அதை எந்த அமைப்பை மாற்றியும் சரிசெய்ய முடியாது.

12. வேண்டாம் என்று ஆன பிறகு

பட்டியலில் விஎம்மை வலது சொடுக்கி ரிமூவ் கொடுத்தால், பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா, கோப்புகளையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும். பட்டியலிலிருந்து மட்டும் எடுத்தால் முப்பது நாற்பது ஜிபி கோப்பு டிஸ்கில் அப்படியே கிடக்கும், கண்ணில் மட்டும் படாது. கோப்புகளோடு அழித்தால் ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் கிடைக்காது. அதனால் அழிக்கும் முன் கெஸ்டைக் கடைசியாக ஒருமுறை திறந்து, டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், ஹோம் ஃபோல்டர் மூன்றையும் பார்த்து, வேண்டியதைப் பகிரும் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் அதற்குள்தான் இருக்கின்றன.